வேண்டாத உரோமமும் வேண்டிய தெளிவும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் சபைகளிலே வழக்கமாகப் பேசப்படுவதன்று. மேலுதட்டிலும் நாடியிலும் கன்னத்திலும் வேண்டாத உரோமம் வளரப்பெற்ற பெண்ணொருத்தி, அதனை மின்சாரத்தின் துணைகொண்டு நிரந்தரமாக நீக்கிக்கொள்வதா, விடுவதா என்பதை எவ்வாறு முடிவு செய்வது? இதுவே இன்றைய கேள்வி.

இத்துணைச் சிறிய விடயத்துக்கு வானொலியிலே நேரம் வேண்டுமா என்று கேட்பாரும் உளர். பெண்கள் கல்லூரிகளிலே முப்பது ஆண்டுகளாகப் பணி செய்துவரும் எனக்கு அது சிறிய விடயமாகத் தோன்றவில்லை. பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து சென்ற பின்னர், தாய் ஒருத்தி மட்டும் கதவருகே தயங்கி நிற்பாள். மகளின் கணிதப் புள்ளிகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசுவாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவளுக்கு முகத்திலே முடி வளருது, ரீச்சர். கரண்ட் வைச்சு எடுத்தால் பிறகு வராதாமே, உண்மைதானோ?" என்று கேட்பாள். இக்கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உரத்த குரலிலே ஒருவரும் கேட்டதில்லை.

அந்தத் தாய்மாருக்குச் சுருக்கமான விடை வேண்டுமாயின், உண்மைதான் என்பதே விடை. மின்சாரத்தினால் மயிர்க்காலை அழிக்கலாம். அழிந்த மயிர்க்காலிலிருந்து மீண்டும் மயிர் முளைப்பதில்லை. ஆயினும் அவ்வளவோடு நிறுத்திவிட்டால் பாதியுண்மை சொன்னவளாவேன். எஞ்சிய பாதியிலேதான் ஒரு பெண்ணின் பணமும் காலமும் உடல் நலமும் மன அமைதியும் அடங்கியிருக்கின்றன. ஆதலின் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றேன்.

பெண்ணுடலிலே உரோமம் இருத்தல் இயற்கை. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு முதலிய சில இடங்கள் நீங்கலாக, மனிதவுடல் முழுவதிலும் மயிர்க்கால்கள் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் முகத்திலே அவை உள்ளன. குழந்தைப் பருவத்திலே அங்கு முளைப்பது பூஞ்சை போன்ற மென்மயிர். பருவமடையும் காலத்திலே ஓமோன்களின் ஏவலால் அம்மென்மயிர் சில இடங்களிலே தடித்துக் கறுக்கின்றது. பெண்ணுடலிலும் ஆணுக்குரிய ஓமோன் சிறிதளவு சுரக்கின்றது. அது சற்று மிகுந்தாலும், அல்லது அளவு சரியாயிருந்தும் மயிர்க்கால்கள் அதனை மிகுதியாக உணர்ந்தாலும், மேலுதட்டிலும் நாடியிலும் கருமயிர் தோன்றும். தாய்க்கும் பாட்டிக்கும் இருந்தால் மகளுக்கும் இருப்பது வழக்கம். நம் நாட்டிலே இயல்பாகவே கருமயிர் உடையோர் பலர். ஆதலால் நம் பெண்களிடத்திலே அது கண்ணுக்கு எளிதில் தெரிகின்றது. இதிலே வெட்கப்படுவதற்கோ குற்றஞ் சொல்வதற்கோ ஒன்றுமில்லை.

ஆனால் சிலருக்கு அது உடம்பினுள்ளே நிகழும் ஒரு கோளாற்றின் அறிகுறியாக அமைவதுமுண்டு. மாதவிடாய் ஒழுங்கின்றி வருதல், பல மாதங்கள் வாராதிருத்தல், உடல் பருத்தல், முகப்பரு மிகுதல் ஆகியவற்றோடு முகத்திலே மயிரும் தடித்து வளருமாயின், சூலக நீர்க்கட்டி நோய் என்று நாம் சொல்வது காரணமாக இருத்தல் கூடும். 1935ஆம் ஆண்டிலே சிக்காக்கோ நகரத்து வைத்தியர்களான ஸ்டைன், லெவெந்தால் என்னும் இருவர் இதனை விரிவாக எழுதினர். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களிலே நூற்றுக்குப் பதின்மூன்று பேர் வரை இதற்கு உள்ளாவர் என்றும், அவர்களுட் பெரும்பாலோர் தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாதவர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம் நாட்டிலும் கம்பகா மாவட்டத்திலே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. அதன் முடிவுகள் 2008ஆம் ஆண்டிலே வெளியாயின. 15 வயது முதல் 39 வயது வரையுள்ள பெண்களிலே நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு இந்நோய் இருப்பதாக அவ்வாய்வு கண்டது. நாற்பது மாணவியர் அமர்ந்திருக்கும் ஒரு மேல்வகுப்பை மனத்திலே எண்ணிப் பாருங்கள். அவ்வகுப்பிலே இரண்டு மூன்று பிள்ளைகள் இதனோடு போராடிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, உரோமத்தை நீக்குவதைப் பற்றி நினைப்பதற்கு முன்னர் வைத்தியரைக் காணுதல் வேண்டும். இதற்குக் காரணங்கள் இரண்டு. நீர்க்கட்டி நோயைக் கவனியாது விட்டால், பிற்காலத்திலே நீரிழிவு வருவதற்கும் குழந்தைப் பேறு தடைப்படுவதற்கும் இடமுண்டு என்பது ஒன்று. உள்ளேயிருந்து ஓமோன் தூண்டிக்கொண்டே இருக்குமாயின், இன்று ஒரு மயிர்க்காலை அழித்தாலும் நாளை அதன் பக்கத்திலுள்ள மென்மயிர் தடித்துக் கறுக்கும் என்பது மற்றொன்று. அப்போது, சிகிச்சை பலிக்கவில்லை என்று மின்சாரத்தைப் பழிப்பதிலே பயனில்லை. சில மாதங்களுக்குள் மயிர் திடீரெனப் பெருகி, குரலும் தடித்துவிடுமாயின் சிறிதும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் அவசியம். அது அரிதாகவே நிகழும். ஆனால் கட்டி முதலிய பெருநோயின் அடையாளமாக இருத்தல் கூடும்.

இதற்குப் பணமில்லையே என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. நம் அரசாங்க வைத்தியசாலைகளிலே இவ்வகைச் சோதனை இலவசம். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாதவர், தம் ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் அவர் வழிகாட்டுவார். எவ்வளவு மயிர் மிகுதி என்பதை அளவிட்டுப் பார்க்கும் முறையும் வைத்தியர்களிடம் உண்டு. 1961ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலே ஃபெரிமன், கால்வே என்னும் இருவர் வகுத்த முறையே இன்றும் சிற்சில மாற்றங்களோடு வழங்குகின்றது. கண்ணாடியின் முன்னே நின்று கண்கலங்கும் ஒரு பெண்ணின் கணிப்பிலும், வகுப்பிலே பின்வாங்கிலிருந்து கேலி செய்யும் ஒருத்தியின் கணிப்பிலும் அந்த அளவுகோல் நம்பத்தக்கதன்றோ?

இனி, வீட்டிலே கைக்கொள்ளும் வழிகளைப் பார்ப்போம். மஞ்சளும் பயற்றம் மாவும் பூசிக் குளிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. உடலுக்கு அது இதமானது. மெல்லிய மயிர் சிறிது உதிர்தலும் கூடும். மயிர்க்காலை அது அழிப்பதில்லை. நூல் போட்டு எடுத்தலும், மெழுகு பூசி எடுத்தலும் மயிரை வேரோடு பறிக்கின்றன. சில வாரங்களிலே அது மீண்டும் முளைக்கின்றது. வயலிலே கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இது விளங்கும். இலை கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணிலே கிடக்கும். சவரம் செய்தால் மயிர் தடித்து வளரும் என்பது நம் பாட்டிமாரும் தாய்மாரும் உறுதியாக நம்பும் ஒன்று. அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரத்திலே உடற்கூற்று ஆராய்ச்சி செய்த மில்ட்ரெட் ட்ரொட்டர் என்னும் பெண்மணி 1928ஆம் ஆண்டிலேயே இதனைச் சோதித்து, சவரத்தினால் மயிரின் தடிப்போ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். நுனி கூராயிருந்த மயிர் மழித்தபின் மொட்டையாகிவிடுதலால் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகின்றது. இவையெல்லாம் தற்காலிகமான வழிகள். தற்காலிகம் என்பதனாலேயே தாழ்ந்தவை அல்ல. பலருக்கு வாழ்நாள் முழுவதற்கும் இவையே போதும்.

நிரந்தரமான வழி எது? அதற்குப் பெயர் மின்பகுப்பு. ஆங்கிலத்திலே எலெக்ட்ரோலிசிஸ் என்பர். அதன் வரலாறும் அதே சென்ட் லூயிஸ் நகரத்திலேதான் தொடங்குகின்றது. அங்கே சார்ல்ஸ் மிஷெல் என்னும் கண் வைத்தியர் இருந்தார். இமைமயிர் உள்நோக்கி வளர்ந்து கண்ணை உறுத்துதலால் துன்புறுவோர் அவரிடம் வந்தனர். பிடுங்கினாலும் அம்மயிர் மீண்டும் மீண்டும் முளைத்தது. மெல்லிய ஊசியொன்றை மயிர்க்காலினுள்ளே செலுத்தி, மின்கலவடுக்கிலிருந்து வரும் மின்னோட்டத்தை அதன்வழியே பாய்ச்சி, அம்மயிர் மீண்டும் வளராதபடி செய்தார். இதனை அவர் 1875ஆம் ஆண்டிலே எழுதி வெளியிட்டார். சிறிது காலத்துக்குள் அந்நகரத்துத் தோல் வைத்தியர் வில்லியம் ஹார்டவே, பெண்களின் முகத்து உரோமத்துக்கும் அம்முறையையே கையாண்டார். கண்ணைக் காக்கப் பிறந்த வைத்தியம் இவ்வாறு முகத்துக்கும் வந்து சேர்ந்தது.

அது வேலை செய்யும் முறையை எங்கள் இரசாயன மாணவியர் எளிதிலே விளங்கிக்கொள்வர். உடலின் ஈரத்திலே நீரும் உப்பும் உள்ளன. ஊசி மறைமின்வாயாக இருக்க, நேர்மின்வாயாகிய உலோகக் கோலை அப்பெண் கையிலே பிடித்திருப்பாள். நேரோட்டம் பாய்ந்தவுடன் ஊசியைச் சுற்றிலும் அந்நீரும் உப்பும் மாற்றமடைந்து சோடியமைதரொட்சைட்டு என்னும் காரம் உண்டாகின்றது. அக்காரம் மயிர்க்காலின் வேரை அரித்து அழிக்கின்றது. பின்னர் 1920களிலே பிரான்சு தேசத்தின் லியோன் நகரத்து வைத்தியர் ஹென்றி போர்தியே, வேகமாய் மாறும் மின்னோட்டத்தைப் பயன்படுத்தி வெப்பத்தினாலே வேரை அழிக்கும் முறையைக் கண்டார். காரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே பயன்படுத்தும் கலப்பு முறைக்கு ஹிங்கல், சென்ட் பியர் என்னும் அமெரிக்கர் இருவர் 1948ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றனர். இன்றும் இம்மூன்று முறைகளுமே வழக்கிலுள்ளன. மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஊசி ஒவ்வொரு மயிர்க்காலினுள்ளும் தனித்தனியே செல்ல வேண்டும்.

இதனைக் குறுக்குவழியாக்க முயன்றவர்களின் கதையையும் நாம் அறிந்திருத்தல் நல்லது. 1896ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்து வைத்தியர் லெயோபோல்ட் ஃபிரொயின்ட், ஒரு சிறுமியின் முதுகிலிருந்த மயிர் அடர்ந்த மறுவின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினார். மயிர் உதிர்ந்தது; தோலும் புண்ணாயிற்று. அப்புண்ணை மறந்து, மயிர் உதிர்ந்ததை மட்டும் வியாபாரமாக்கியவர்கள் பின்னர் வந்தனர். 1920களிலே அமெரிக்காவின் அழகு நிலையங்களிலே ட்ரைக்கோ என்னும் பெயரால் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஊசியில்லை, வலியில்லை, சில நிமிடங்கள் முகத்தைக் காட்டினாற் போதும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. பெண்கள் பலர் நம்பிச் சென்றனர். ஆண்டுகள் கழிந்த பின்னர் அவர்களுட் பலரது முகத்தோல் சுருங்கிப் புண்ணாகி, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. 1930ஆம் ஆண்டளவிலே கொரெம்லு என்னும் களிம்பு வந்தது. அதிலே கலந்திருந்தது தாலியம் என்னும் கொடிய நஞ்சு. பூசிய பெண்களுக்குத் தலைமயிர் கொட்டியது, கால்கள் தளர்ந்தன, கண் பார்வையும் சிலருக்குக் கெட்டது. இத்தகைய கேடுகளும் சேர்ந்தே அமெரிக்காவிலே 1938ஆம் ஆண்டின் உணவு, மருந்து, அழகுப்பொருட் சட்டம் இயற்றப்படுதற்குக் காரணமாயின.

இக்கதையைச் சொல்வது அச்சமூட்டுதற்கன்று. வலியேயில்லை, மிக விரைவு, முற்றிலும் நிரந்தரம் என்னும் மூன்று வாக்குறுதிகளும் ஒன்றாகச் சேர்ந்து வரும்போது நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதற்காகவே சொல்கின்றேன். இன்று அவை கைத்தொலைபேசியின் வழியே வருகின்றன. ஊசியில்லாமல், இடுக்கியினால் மயிரைப் பிடித்து மின்சாரம் செலுத்துவதாகச் சொல்லும் கருவிகள் விற்கப்படுகின்றன. மயிர் மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை. அக்கருவி நிரந்தரப் பயன் தரும் என்பதற்குச் சான்றுமில்லை. அடுத்து, லேசர் ஒளிச் சிகிச்சை. அது மெய்யான சிகிச்சையே. கைகால் போன்ற அகன்ற இடங்களுக்கு ஏற்றது. மயிரிலுள்ள கருநிறம் ஒளியை ஈர்த்துச் சூடாவதால் வேர் பழுதடைகின்றது. ஆதலின் நரைமயிருக்கு அது பயன்படாது. நம்மைப் போன்ற கருநிறத் தோலிலே ஒளியைத் தோலும் ஈர்த்துக்கொள்ளும். அதற்கேற்ற நீண்ட அலையுடைய லேசரை, பழகிய கை அளவறிந்து பயன்படுத்தாவிடின் தோல் வெந்துபோதலும் கூடும். சிலருக்கு முகத்திலே மயிர் குறைவதற்கு மாறாகக் கூடியதும் உண்டு. அமெரிக்க அரசாங்கத்தின் உணவு, மருந்து நிர்வாகம் லேசரை 'நிரந்தரக் குறைப்பு' என்றும், மின்பகுப்பை 'நிரந்தர நீக்கம்' என்றும் வேறு பிரித்தே சொல்கின்றது. இரண்டு சொற்களுக்குமுள்ள வேற்றுமையைக் கவனித்தல் வேண்டும்.

மின்பகுப்பு தன் குறைகளை மறைப்பதில்லை. அது மெதுவானது, ஊசி செல்லும்போது குத்தலும் எரிவும் உண்டு. மயிர்கள் யாவும் ஒரே காலத்தில் வளர்வனவல்ல. சில வளரும், சில ஓய்ந்திருக்கும், சில உதிரும். வளரும் நிலையிலே அகப்பட்ட மயிரின் வேரே நன்கு அழியும். ஓய்ந்திருப்பது பின்னர் தலைகாட்டும்போது மறுபடியும் செல்ல வேண்டும். ஆதலால் ஒரு முறைக்குக் கால் மணி முதல் ஒரு மணி வரையாக, தொடக்கத்திலே வாரந்தோறும், பின்னர் இடைவெளி விட்டு விட்டு, ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ, சிலருக்கு அதனினும் மேலாகவோ செல்ல நேரும்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் முடிவு செய்யப் புகும் பெண், தன்னைத் தானே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, வைத்தியர் பார்த்தாரா? ஓமோன் கோளாறு இருப்பின் அதற்குரிய சிகிச்சை நடைபெறுகின்றதா?

இரண்டாவது, என் உடல் இதற்கு ஏற்றதா? இருதயத்துக்கு மின்கருவி பொருத்தியவர்கள் இதனைச் செய்துகொள்ளலாகாது. காயம் ஆறிய இடத்திலே தழும்பு தடித்து வளரும் இயல்புடையவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும் வைத்தியரைக் கேட்ட பின்னரே எண்ணுதல் வேண்டும். மறுவிலே முளைத்த மயிரை வைத்தியர் பாராமல் தொடுதல் கூடாது. நம் தோலிலே சிறு புண் ஆறினாலும் சில மாதங்களுக்குக் கருமை படிந்திருக்கும். ஆகவே முதலிலே காதோரத்திலே சிறிய இடத்திற் செய்வித்து, சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துப் பின்னர் தொடர்வது அறிவுடைமை.

மூன்றாவது, செய்பவர் யார்? எங்கே பயின்றார்? ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியை உறை பிரித்து எடுக்கின்றாரா? கையுறை அணிகின்றாரா? ஒருவருக்குக் குத்திய ஊசி மற்றொருவருக்குச் செல்லுமாயின் ஈரலழற்சி முதலிய கொடிய தொற்றுகள் பரவும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கேட்டபோது முகஞ் சுளிப்பவரிடம் முகத்தை ஒப்படைக்கவும் வேண்டாம்.

நான்காவது, முடிக்கும்வரை செல்ல இயலுமா? ஒரு முறைக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்பதோடு நில்லாது, மொத்தம் எத்தனை முறை வரவேண்டியிருக்கும் என்றும் கேட்டு, பேருந்துக் கட்டணத்தையும் இழக்கும் வேலை நாட்களையும் சேர்த்து ஒரு தாளிலே எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். நடுவிலே நிறுத்திவிட்டால் செலவழித்ததிற் பாதி வீணாகும். செல்வதற்கு முன் சில வாரங்கள் நூல் போட்டோ மெழுகு பூசியோ மயிரைப் பறித்தல் கூடாது; ஊசி செல்வதற்கு மயிர் இருந்த இடத்தில் இருக்கவேண்டும். கத்தரித்துக்கொள்வதிலே தவறில்லை. சிகிச்சையின் பின் முகம் சிவந்திருக்கும். சிறு பொருக்குகள் தோன்றும். அவற்றைக் கிள்ளாமலும், வெயிலிலே அலையாமலும், மஞ்சள் முதலியவற்றைத் தேய்க்காமலும் சில நாட்கள் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது கேள்வியே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றது. இதனை விரும்புபவர் யார்? நானா, என்னைப் பார்ப்பவர்களா?

கல்யாணம் பேசி முடிந்தவுடன், இரண்டு மாதத்துக்குள் மகளின் முகத்தைத் திருத்திவிட வேண்டும் என்று ஓடும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். இரண்டு மாதத்திலே இச்சிகிச்சை முடியாது. மணவறையிலே புகைப்படம் எடுக்கும் நாளிலே பொருக்கும் கருமையுமாக அப்பெண் இருக்க நேரும். அதுவல்ல பெரிய இடர். தன் உடம்பு பிறருக்கு ஒப்புக்கொடுக்கும் முன் பழுது பார்க்கப்படும் ஒரு பண்டம் என்னும் எண்ணம் அவள் உள்ளத்திலே ஊன்றிவிடுகின்றது. அந்த எண்ணத்தைப் பறிப்பதற்கு ஊசி ஏதும் இல்லை.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளை இதற்கு அழைத்துச் செல்வதற்கும் நான் உடன்படேன். அந்த வயதிலே மயிர் வளர்ச்சியே நிலைபெறவில்லை. இன்று அழித்த இடத்தின் அருகிலே நாளை புதிதாகத் தடிக்கும். அப்பிள்ளைக்குத் துன்பமாக இருந்தால் நூலோ கத்தரியோ தற்போதைக்குப் போதும். அவள் துன்பத்தை, 'படிக்கிற பிள்ளைக்கு இது என்ன கவலை' என்று தள்ளிவிடுதலும் பிழை. எங்கள் மாணவி ஒருத்தி தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியிலே வலய மட்டத்தில் முதலிடம் பெற்றாள். மாகாணப் போட்டிக்குப் போகமாட்டேன் என்று மறுத்துவிட்டாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை. அவள் தோழி வந்து சொன்னாள்: முன்வரிசையிலிருந்த சில பையன்கள் அவள் மேலுதட்டைச் சுட்டி மீசையை முறுக்குவது போலக் காட்டினார்களாம். சொற்களை ஆளத் தெரிந்த ஒரு பிள்ளை, ஒரு சைகைக்குத் தோற்று வாய் மூடிவிட்டாள். உரோமத்துக்குச் சிகிச்சை உண்டு. அந்தச் சைகைக்குச் சிகிச்சை செய்யவேண்டியவர்கள் ஆசிரியர்களும் ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுமே.

வளர்ந்து தன் காலில் நிற்கும் பெண் முடிவு செய்வது வேறு. என்னிடம் கற்ற சகோதரிகள் இருவர் உளர். இருவருக்கும் தாய்வழி வந்த அதே மேலுதடு. மூத்தவள் ஆசிரியையாகி, தன் சம்பளத்திலே சிறிது சிறிதாகச் சேமித்து, வைத்தியரிடம் சோதித்துக்கொண்டபின் மின்பகுப்பைத் தொடங்கினாள். ஒன்றரை ஆண்டு சனிக்கிழமைகளை அதற்கென ஒதுக்கினாள். "ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னாலே போகும் பத்து நிமிடம் எனக்கு மிச்சம்" என்று சொன்னாள். இளையவளும் அதையே செய்ய எண்ணி, செலவையும் நேரத்தையும் கணக்கிட்டாள். பின்னர், இரண்டு வாரத்துக்கொருமுறை நூல் போட்டால் தனக்குப் போதும் என்று முடிவு செய்தாள். இருவரும் செய்தது சரியே. ஒருத்தியின் முடிவை மற்றவள் பழிக்கவில்லை என்பதே எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

நீக்கவே வேண்டாம் என்று முடிவு செய்வாரும் உளர். இங்கிலாந்திலே வாழும் ஹர்னாம் கௌர் என்னும் சீக்கியப் பெண், நீர்க்கட்டி நோயினால் முகம் நிறையத் தாடி வளரப்பெற்றவர். பள்ளியிலே கேலிக்கு ஆளாகி வருந்தியவர். பதினாறாம் வயதளவிலே, இனி நீக்குவதில்லை என்று தீர்மானித்தார். 2015ஆம் ஆண்டிலே, நிறைதாடியுடைய பெண்களுள் மிக இளையவர் என்று கின்னஸ் சாதனை ஏட்டிலே இடம்பெற்றார். எல்லோரும் அவரைப் பின்பற்ற வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அப்படியும் ஒரு பெண் தலை நிமிர்ந்து வாழலாம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். மற்றொரு புறம், ஆணுடலிலே பிறந்து பெண்ணாக வாழும் திருநங்கையருக்கு இச்சிகிச்சை அலங்காரமன்று. தம்மைத் தாமாகக் காண்பதற்குரிய வழி. அவர்களுடைய தேவையையும் நாம் மதித்தல் வேண்டும்.

அழகின் இலக்கணம் காலத்துக்குக் காலம் மாறுவது. நம் பழம்புலவர்கள் பெண்ணை அடி முதல் முடி வரை வருணிக்கும்போது, வயிற்றின்மீது ஓடும் மெல்லிய மயிரொழுங்கையும் அழகுகளுள் ஒன்றாகவே வைத்துப் பாடினர். இக்காலத்து விளம்பரக்காரர் அதனைக் கண்டால் களிம்பு விற்க வருவர். புலவர் கண்ணுக்கு அழகாயிருந்தது விளம்பரக்காரர் கண்ணுக்குக் குறையாகின்றது. இரண்டு கண்களும் அப்பெண்ணின் கண்கள் அல்ல.

தாய்மாரே, உங்கள் மகள் இவ்விடயத்தைப் பற்றிப் பேச வந்தால் சிரிக்காதீர்கள், பதறவும் வேண்டாம். முதலிலே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் சிறியவளாயின் எளிய வழியைக் காட்டிக் காத்திருக்கச் சொல்லுங்கள். வளர்ந்தவளாயின், நான் சொன்ன கேள்விகளை அவள் கையிலே கொடுத்து, அவளே விடை காணும்வரை அருகிலே இருங்கள். அவள் செய்துகொள்வதென்று முடிவு செய்தால், புதிய ஊசி எடுக்கின்றார்களா என்று பார்ப்பதற்கு முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால், அதன்பின் அவள் மேலுதட்டைப் பற்றி வீட்டிலே எவரும் ஒரு சொல்லும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.